ஒரே குறி, ஒரே வட்டம்

தகர டப்பாவைக் குலுக்கிக்கொண்டே நடக்கிறார் சன்னாசி வாத்தியார். உள்ளே ரப்பர் கொட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு சுண்ணாம்புக் குறி. பிள்ளைகள் கைவிட்டு ஒன்று எடுக்க வேண்டும். ஒரே குறி வந்தவர்கள் ஒரே வட்டத்தில் உட்கார வேண்டும்.

மலாயாவில், கோலசிலாங்கூருக்கு வடக்கே ஒரு ரப்பர் தோட்டம். ரப்பர் உலர்த்திய பழைய கொட்டகைதான் பள்ளிக்கூடம், முப்பத்திரண்டு பிள்ளைகள். அவர் வருவதற்கு முன் மேல்சாதியார் குடியிருந்த மேட்டு லயத்துப் பிள்ளைகள் பாயில் இருந்தார்கள். பள்ளத்து லயத்துப் பிள்ளைகள் தூணுக்கு அப்பால், வெறுந்தரையில். சாதிக்கு யாரும் கப்பல் சீட்டு எடுக்கவில்லை. மூட்டையோடு மூட்டையாக அதுவும் வந்து இறங்கிவிட்டது.

வாத்தியாருக்கு முப்பது வயது. மூன்று வருஷம் ரப்பர் பால் வாளி தூக்கியதில் வலது தோள் சற்றுச் சாய்ந்திருக்கும். கேள்வி கேட்டால் பதில் சொல்ல மாட்டார். "என்னை ஏன் கேக்குறே? பக்கத்துல இருக்கிறவளைக் கேளு" என்பார்.

பூகோளப் பாடம் என்றால், வட்டத்துக்கு ஒன்றாகத் தோட்டத்தின் படத்தைத் தரையில் வரைவது. மேட்டுப் பிள்ளைக்குக் கோயிலும் ஆபீசும் தெரியும். பள்ளத்துப் பிள்ளைக்கு ஆறும் இடுகாடும் தெரியும். ஒருவர் இல்லாமல் மற்றவர் படம் முடியாது.

பள்ளியைப் பார்க்க நான் போய்த் தங்கிய முதல் நாள், ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சண்டை. கங்காணியின் மகன் ரெங்கசாமி மேற்கே அம்பு போட்டான். "கடலுக்குத்தானே போவும்?"

பள்ளத்து லயத்துத் தாயம்மா அதை அழித்தாள். "நீ என்னிக்காச்சும் ஆத்துல எறங்கியிருக்கியா? எங்கம்மா தூண்டி போடறப்போ தண்ணி மேலேறித்தான் போவும்."

வாத்தியாரும் மேற்கு என்றுதான் எண்ணியிருந்தார். எல்லோரையும் கரைக்கு அழைத்துப்போனார். கடல் ஏறும் நேரம். ஆறு கிழக்கே போய்க்கொண்டிருந்தது. காத்திருந்தார்கள். தண்ணீர் நின்றது, பிறகு திரும்பி மேற்கே இறங்கியது. இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து இரண்டு அம்பு போட்டார்கள். வாத்தியார் தம் நோட்டைத் திருத்திக்கொண்டார். எழுதி வைத்ததைத் தொட்டால் பாவம் என்று நம்பும் சமூகத்தில் இப்படியும் ஒருவர்.

மறுநாள் கங்காணி வந்தார்.

"வாத்தியாரே, எம்மவனைத் தனியா உக்கார வையி. இல்லேன்னா மேட்டு லயத்துலேருந்து ஒரு புள்ள வராது. புள்ள இல்லாத பள்ளிக்கூடத்துக்குத் தொரை எதுக்கு வாத்தியார் வெப்பாரு? திரும்ப வாளிதான் தூக்கணும்."

"தூக்குறேன் கங்காணி. பழகின தோளுதானே. ஆனா தனியா உக்கார வெக்கிறதுக்கு எங்கிட்டக் குறி இல்லே."

அதற்கடுத்த நாள் பதினோரு பேர்தான் வந்தார்கள். அத்தனை பேரும் பள்ளத்து லயம். பாதிப் படங்கள் தரையில் கிடந்தன.

"ஐயா, கோயிலுக்குப் பின்னாலே கெணறு எந்தப் பக்கம் இருக்கு?" என்றாள் தாயம்மா. அங்கிருந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியாது. அந்தப் பக்கம் போக அவர்களை விட்டதில்லை. வாத்தியாருக்குத் தெரியும். சொல்லவில்லை.

ஒரு சுண்ணாம்புக் கட்டியைத் துண்டு துண்டாக உடைத்தார். வட்டம் வட்டமாகப் போய், வராத இருபத்தொரு பேரின் இடத்திலும், குனிந்து குனிந்து, ஆளுக்கொரு துண்டு வைத்தார்.