மேலே தெரியாத அலை

மகள் மேசையில் நீட்டி வைத்த சுருள்வில்லின் நுனியை உள்ளே தள்ளினாள். வளையங்களின் நெருக்கமும் விலகலும் மறுமுனைவரை ஓடின. சுருள் மேலெழவே இல்லை.

"அம்மா, இது நெட்டாங்கலை, போற திசையிலேயே முன்னும் பின்னும் ஆடும். கயிறு மாதிரி மேலும் கீழும் ஆடினால் குறுக்கலை. கடலுக்கு மேல நாங்கள் பாக்கிறது மேற்பரப்பலை. சத்தம் தண்ணிக்குள்ள நெட்டாங்கலையாத்தான் போகும்."

எனக்கு நிலாவெளிக் கடல் நினைவுக்கு வந்தது. அண்ணன் சங்கு எடுக்க மூழ்கியிருந்தான். வள்ளத்தில் அப்பாவும் சிறுமியான நானும் இருந்தோம். தூரத்தில் யாரோ மீனுக்கு டைனமைட் போட்டார்கள். வள்ளம் இலேசாக அசைந்தது.

"சின்ன அலைதான், பயப்பிடாதை" என்றார் அப்பா.

அண்ணன் மேலே வந்தபோது காதிலும் மூக்கிலும் இரத்தம் வழிந்தது.

"என்ன மகன், என்ன செய்யுது?" என்று அப்பா கத்தினார்.

அவன் அவருடைய வாயையே பார்த்தான். "சத்தமாக் கதையுங்கோ அப்பா, ஒண்டும் கேக்கேல்லை."

கரை சேருமுன் உயிர் போய்விட்டது.

அந்தச் சின்ன அலை அவனைக் கொன்றிருக்கும் என்று அப்பா நம்பவில்லை. "நான்தான் அவனை ஆழத்துக்கு அனுப்பினனான்" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். தண்ணீருக்குள் போன வெடியின் அலைதான் அவனைக் கொன்றது, அது அவருடைய பிழையில்லை என்று சொல்ல அன்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.