பச்சைப் பட்டு வருவதற்குள்

எங்கள் சித்தப்பா ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் லைனில் வேலை பார்த்த காலத்தில், ஆபீஸ்காரர் ஒருவர் கழித்துக்கட்டிய பழைய லேப்டாப்பை வாங்கிக்கொண்டு வந்தார். மண்ணூரில் எங்கள் தெருவுக்கு அதுதான் முதல் லேப்டாப். அதைத் தரையில் வைக்க அம்மாவுக்கு மனசு வரவில்லை. இலவம்பஞ்சுத் தலையணையைத் தட்டிப் போட்டு அதன்மேல் உட்காரவைத்தாள். அந்த வீட்டில் அப்படி ஓர் உபசாரம் எனக்குக்கூட நடந்ததில்லை.

ஆயுத பூஜை வந்தது. அரிவாள்மனையிலிருந்து அப்பாவின் மொபெட் வரைக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தவள் லேப்டாப்பை மட்டும் விடுவாளா? மூடியில் வைத்தால் கறை படியும் என்று, பக்கவாட்டில் வரிசையாக இருந்த துளைகளைப் பார்த்துக் கெட்டியாக அப்பினாள். பொட்டு வைக்கவென்றே கம்பெனிக்காரன் இடம் விட்டிருக்கிறான் என்று நாங்களும் நினைத்துக்கொண்டோம். அது மூச்சுவிடும் வழியே அதுதான் என்று எங்களுக்கு யார் சொல்வது?

அடுத்த வாரம் சிடி வந்தது. சித்தப்பாவுக்குப் பார்த்திருந்த பெண் தூரத்து உறவு. அவர்கள் எப்போதோ சிவகாசிப் பக்கம் போய்க் குடியேறியவர்கள். ஜாதகம் பொருந்திவிட்டது, ஆனால் நேரில் போய்ப் பார்க்க சித்தப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அதனால் பெண்ணின் அப்பா தன் மூத்த மகளின் கல்யாண சிடியை அனுப்பியிருந்தார். அதில் பச்சைப் பட்டுக் கட்டி ஆரத்தித் தட்டோடு வருகிறவள்தான் பெண். ஞாயிற்றுக்கிழமை அவர் போன் செய்வார். பிடித்திருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிட வேண்டும்.

படம் ஓடியது. பிள்ளையார் சுழன்றார், ரோஜாப்பூக்கள் பறந்தன, பந்தி தொடங்கியது. வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் பாயசத்தை வாய்க்குக் கொண்டுபோகும் நேரத்தில் லேப்டாப் பொசுக்கென்று அணைந்துவிட்டது. தொட்டால் தோசைக்கல். ஆறவைத்து மறுபடி போட்டோம். மறுபடியும் அதே பாயசம், அதே இருட்டு. பந்தியைத் தாண்டி ஓட்டிவிடலாமென்று பொத்தானை அழுத்தினால் படம் உறைந்து நின்றது. அந்த மனிதர் கடைசிவரை பாயசம் குடித்தாரா என்பதே எனக்குப் பெரிய கவலையாகிவிட்டது.

“பக்கத்து வூட்டு டிவில போட்டுப் பாத்தா இன்னா?” என்றார் அப்பா.

“முடிவாவாத பொண்ணை ஊருக்கே படம் ஓட்டிக் காட்டுவாங்களா? நல்லா கீது உங்க நாயம்” என்றாள் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை கடைசி முயற்சி. அப்பா டேபிள் ஃபேனை அதன் முகத்துக்கு நேராகத் திருப்பினார். அம்மா ஈரத்துண்டைப் பிழிந்து தலையணைமேல் விரித்தாள். நான் விசிறினேன். சூடு ஏற ஏற லேப்டாப்பிலிருந்து சந்தன வாசனை கமகமவென்று கிளம்பியது. “நல்ல சகுனம்டா” என்று அம்மா சித்தப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். வழுக்கைத் தலைக்காரர் பாயசத்தைக் குடித்தே விட்டார்! நாங்கள் கைதட்டினோம். வாசற்படி தெரிந்தது, ஆரத்தித் தட்டு தெரிந்தது, பச்சை முந்தானையின் ஓரம் தெரிந்தது. திரை அணைந்தது.

சித்தப்பா தலையில் கைவைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. அப்பாதான் எடுத்தார். அவர் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துப் பேசுகிறவர், அதனால் அந்தப் பக்கத்துக் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

“லேப்டாப்பு சூடாயி சூடாயி அணைஞ்சி பூடுதுங்க. பொண்ணைப் பாக்கவே முடியலீங்க” என்று அப்பா உள்ளதை உள்ளபடி சொன்னார்.

அந்தப் பக்கம் அவர் யாரையோ “நீ உள்ள போம்மா” என்று அனுப்புவது கேட்டது. பிறகு, “பரவால்லங்க, புரியுது. சிடிய மட்டும் திருப்பி அனுப்பிருங்க” என்றது குரல்.

எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஒரு வார்த்தையிலேயே புரிந்துகொண்டாரே!

சித்தப்பா எழுந்து வந்து அப்பாவின் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். “மாமா, அண்ணன் வெளையாடுது. நான் பாத்துட்டேன். எனக்குப் புடிச்சிருக்கு” என்றார்.

“எங்க பாத்த? முந்தானைதானே வந்துச்சு!” என்று நான் கத்த, அம்மா என் வாயைப் பொத்தினாள்.

அந்த ‘புரியுது’வைப் பெண்ணின் அப்பா அதற்கு முன் எத்தனை வீட்டுக்காரர்களிடம் சொல்லியிருந்தார் என்று எனக்குத் தெரியாது. லேப்டாப்பைப் பற்றி இவ்வளவு விவரம் தெரிந்த ஒரு நல்ல மனிதரிடம் சித்தப்பா இப்படிக் கூசாமல் பொய் சொல்கிறாரே என்றுதான் அன்று முழுக்க அவரோடு பேசாமல் இருந்தேன்.