கிலுகிலுப்பை விதையில் புரதம்

என் கணக்கு தப்பில்லை. இத்தனை வருடங்களுக்குப் பிறகும் என்னை உலுக்குவது அதுதான்.

மலாயாவில் ஜப்பான்காரன் காலத்தில், ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மண்ணையும் உரத்தையும் சோதிக்கும் சின்ன ஆய்வுக்கூடம் என் பொறுப்பில் இருந்தது. வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு அங்கிருந்த கிராணிகளில் வேதியியல் படித்தவன் நான் ஒருவன்தான்.

அரிசி இல்லை, பருப்பு இல்லை, கருவாடு இல்லை. எல்லோரும் மரவள்ளிக் கிழங்கையே தின்றோம். என் அக்கா கொழுந்து பறிப்பவள். அவள் வீட்டுக்காரரைச் சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். சின்ன மகளுக்குக் கால்கள் குச்சியாகி, முடி செம்பட்டையாகிவிட்டது. புரதக் குறைவு என்று எனக்குத் தெரிந்தது.

தேயிலைக்கு நடுவே பசுந்தாள் உரத்துக்காகக் கிலுகிலுப்பைச் செடி வளர்த்திருந்தோம். அதன் விதையை அரைத்துக் கந்தக அமிலத்தில் கொதிக்கவைத்தேன். உரத்தைச் சோதிக்க நாங்கள் செய்வதும் இதுதான். பொருளில் உள்ள நைட்ரஜன் அம்மோனியாவாக மாறும். அதை அளந்து, நைட்ரஜனை ஆறேகாலால் பெருக்கினால் புரதத்தின் அளவு வரும். வந்த எண் பருப்பையே தோற்கடித்தது. தனியாக நின்று சிரித்தேன்.

"செடிக்குப் போடுறத எங்களுக்குப் போடப் பாக்குறியா தம்பி?" என்று அக்கா கிண்டல் செய்தாள்.

"போட்டா நீயும் தளதளன்னு துளிர் விடுவக்கா."

"அப்புறம் கங்காணி என்னையும் கிள்ளிக் கூடைல போட்டுக்கிட்டுப் போவான்லா!"

கிடைத்த விதை கொஞ்சம்தான். வறுத்து அரைத்து, மரவள்ளி மாவில் கலந்து பிள்ளைக்கு மட்டும் கொடுத்தாள்.

சில வாரங்களில் பிள்ளையின் வயிறு உப்பியது. அக்கா பதறி ஓடி வந்தாள். விதையை மறுபடியும் சோதித்தேன். அதே எண். புரதம் குறைந்தாலும் வயிறு வீங்கும் என்று படித்திருந்தேன்.

"பத்தலக்கா. ரெண்டு வேளையும் குடு" என்றேன்.

கொடுத்தாள். வயிறு பானை போல் ஆனது.

தோட்டத்து மருத்துவமனை டிரெஸ்ஸர் பிள்ளையின் வலது விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்துவிட்டு என்னை வெளியே அழைத்துப் போனார்.

"ஈரல் கல்லா கெடக்கு கிராணி. இது பசி வீக்கம் இல்ல. என்னமோ வெசம் போயிருக்கு. என்னா சாப்பிடுது?"

அமிலத்தில் கொதிக்கும்போது விதையில் இருப்பது எல்லாம் சிதைந்துவிடும். புரதமானாலும் விஷமானாலும் குடுவையில் மிஞ்சுவதில் நான் அளந்தது நைட்ரஜனை மட்டும்தான். புரதம் எவ்வளவு என்று கேட்டேன். சரியான பதில் வந்தது. வேறென்ன இருக்கிறது என்று நான் கேட்கவே இல்லை. அந்த விதை ஈரலைக் கெடுக்கும் என்று போருக்குப் பிறகு ஒரு புத்தகத்தில் படித்தேன். ஆனால் அந்த வாசற்படியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"மரவள்ளிதான் சாப்பிடுது" என்றேன் டிரெஸ்ஸரிடம்.

அக்காவிடம் விதை தீர்ந்துவிட்டது என்று சொன்னேன். மீதியைப் பள்ளத்தில் கொட்டினேன். பிள்ளை பிழைக்கவில்லை.

அடக்கம் செய்துவிட்டு வந்ததும் அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"வெத தீந்ததாலதான போயிட்டா? தீரப்போவுதுன்னு முன்னமே சொல்லியிருந்தா நானே மலையேறி வெத பொறுக்கியிருப்பேனே தம்பி!"

"ஆமாக்கா" என்றேன்.

அவள் சாகும்வரை நான் அதைத் திருத்தவில்லை.