எரியாத சிவப்பு லைட்டு

எண்பதுகளோட ஆரம்பம் அது. சங்கரன்கோவில்ல அடுப்படி வேலையா இருந்த எங்க அம்மா, ஒரு சித்திரை மத்தியானம் அங்கனயே சுருண்டு விழுந்துட்டா. ஊர் டாக்டர் வயித்தை அமுக்கிப் பார்த்துட்டு, "குடல்வால் வெடிச்ச மாதிரி இருக்கு, உடனே திருநெல்வேலிக்குக் கொண்டு போங்க"ன்னுட்டார்.

வாடகைக் கார் பிடிச்சோம். அம்மா தலையை மடியில வச்சுக்கிட்டு நான் பின்னால உட்கார்ந்தேன். தேவர்குளம் தாண்டினதும் வண்டி விக்கி விக்கி நின்னு போச்சு. நானும் இறங்கித் தள்ளினேன். ம்ஹூம். சுத்திலும் பொட்டல் காடு. அம்மாவுக்கு முனகல்கூட நின்னுட்டு. எனக்கு வந்த ஆத்திரத்துல டிரைவரை வாய்க்கு வந்தபடி ஏசிட்டேன்.

எதிர்ல வந்த இன்னொரு வாடகைக் கார் தானா நின்னுது. அதை ஓட்டி வந்த பெரியவர் எங்க வண்டிச் சாவியைத் திருப்பிப் பார்த்தார்.

"ஏலே, சாவி போட்டா சார்ஜ் சிவப்பு லைட்டு எரிஞ்சு, வண்டி கிளம்பினதும்லா அணையணும்?"

"எரிஞ்சாத்தான அண்ணாச்சி கோளாறு? எரியலன்னதும் சார்ஜ் நல்லா ஏறுதுன்னு நெனச்சேன்" என்றார் எங்க டிரைவர்.

"பல்பே பியூஸ் ஆயிருக்குலே. பேட்டரிக்குச் சார்ஜ் ஏத்துத டைனமோ போனது உனக்கு எப்படித் தெரியும்? பேட்டரி சுத்தமா இறங்கிட்டு."

அம்மாவை அசைச்சு வண்டி மாத்த வேண்டாம்னுட்டார். தன் வண்டி பேட்டரியைக் கழற்றி எங்க வண்டியில மாட்டினார். அவர் கார்ல கைக்குழந்தையோட ஒரு குடும்பம் வந்திருந்தது. வெயிலோட வெயிலா இறங்கி மரத்தடியில போய் நின்னாங்க. "நாங்க பஸ்ல போயிக்கிடுதோம், நீங்க அம்மாவைப் பாருங்க"ன்னு குழந்தையை வச்சிருந்த பொண்ணு சொன்னா.

"ஆஸ்பத்திரி போய்ச் சேருத வரைக்கும் வண்டியை ஆஃப் பண்ணிராத, ஹாரனையும் சும்மா சும்மா அடிக்காத"ன்னு எங்க டிரைவர்கிட்ட சொல்லி அனுப்பினார் பெரியவர். பேட்டரியை மறுநாள் டிரைவர் கொண்டு போய்க் கொடுத்துட்டார். அந்தக் குடும்பத்தைத்தான் நான் திரும்பப் பார்க்கவேயில்லை.

போன உடனே ஆபரேஷன். கொஞ்சம் பிந்தியிருந்தா அம்மா நமக்கில்லைன்னு பெரிய டாக்டர் சொன்னப்போ, சுவரைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன்.

கண்ணு முழிச்ச அம்மாகிட்ட எப்பம்மா வலி ஆரம்பிச்சுதுன்னு கேட்டேன்.

"ரெண்டு மூணு நாளாவே வலிக்கத்தான் செஞ்சுது. நீங்க பயந்துருவீகன்னு சொல்லலட்டி."

வீட்டுல யாராவது ஒரு குறையும் சொல்லாம வளைய வந்தா, நல்லாத்தான் இருக்காங்கன்னு அதுக்கப்புறம் என்னால நம்ப முடிஞ்சதே இல்லை. இப்பவும் பக்கத்துல உட்கார்ந்து, கையைப் பிடிச்சுக் கேட்டுருதேன்.