செல்வராணியின் வேகத்தைத் தப்பாகக் கணித்தேன்

1. மீட்டர் காட்டிய எண்

அன்று வியாழக்கிழமை. பின்னேரம் நாலரை மணி இருக்கும். யட்டியாந்தோட்டை பஜாரிலிருந்து சுனிலின் த்ரீவீலரில் தோட்டத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஃபாக்டரி கேட்டில் இன்னொருவரை இறக்கிவிட்டு, மீட்டரைப் புதிதாகப் போட்டு, என்னைக் கீழ்ப்பிரிவு பெரட்டுக் களத்துக்குக் கொண்டுபோனார் சுனில். காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தைத்தான் நாங்கள் பெரட்டுக் களம் என்போம். இறங்கும்போது மீட்டரைப் பார்த்தேன். 2.1 என்று காட்டியது.

"சுனில், மீட்டர்ல ஏதும் கோளாறா?"

"இல்ல மிஸ், மீட்டர் ஹரி, சரியாத்தான் இருக்கு. போன மாசம்தான் செக் பண்ணினது."

"இந்த ரோட்டு ரெண்டரை கிலோமீட்டர்தானே?"

"அது பழைய ரோட்டு மிஸ். மண் சரிஞ்ச பொறகு வளைவ வெட்டி நேரா போட்டாங்கதானே."

ஃபாக்டரி கேட்டில் 'கீழ்ப்பிரிவு 2.5 கி.மீ.' என்று ஒரு பலகை இருக்கிறது. புதிய ரோட்டு போட்ட பிறகும் யாரும் அதை மாற்றவில்லை. அந்தப் பலகையை நம்பி நான்கு மாதமாக ஒரு பெண்ணை அந்த ரோட்டில் ஓடவிட்டு, வாட்ச் பிடித்து, நோட்டில் நேரம் எழுதி வந்தவள் நான். போக ஒரு தடவை, வர ஒரு தடவை, மொத்தம் ஐந்து கிலோமீட்டர் என்பது என் கணக்கு. உண்மையில் அவள் ஓடியது நாலே கால்கூட இல்லை.

ஓட்டப் போட்டி ஞாயிற்றுக்கிழமை காலையில்.

2. சின்ன துரை சொன்ன வார்த்தை

நான் அந்த ரப்பர் தோட்டத்தில் வெல்ஃபெயார் உத்தியோகத்தராக இருந்தேன். பிள்ளைகளின் ஊசி, கர்ப்பிணிகளின் கிளினிக், லயம் என்கிற வரிசை வீடுகளின் தண்ணீர்க் குழாய், குடித்துவிட்டு அடிக்கிற புருஷன் என்று எல்லாம் என் மேசைக்கு வரும். ஓட்டம் என் வேலையில் இல்லை. பள்ளிக்கூடக் காலத்தில் எண்ணூறு மீட்டர் ஓடியிருக்கிறேன், அவ்வளவுதான்.

செல்வராணிக்கு அப்போது முப்பத்தேழு வயது. பதினைந்து வருடமாக ரப்பர் மரத்தில் பால் வெட்டியவள். மேல்மலையில் அவள் வெட்டுகிற மரங்களில் பட்டை காயம்படாது என்று கணக்கப்பிள்ளையே சொல்வார். ஒரு நாள் விடியற்காலைப் பெரட்டில் நின்றுகொண்டிருந்தவள் அப்படியே மயங்கி விழுந்தாள். ரத்தம் குறைவு. தோட்டத்து டிஸ்பென்சரி டாக்டர் ஐயா ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, மாத்திரை கொடுத்து, மாதா மாதம் சோதித்து, ஒரு வருடத்தில் தேற்றிவிட்டார். ஆனால் விழுந்த அன்றே அவளை மரத்திலிருந்து எடுத்துப் புல்லு வெட்டுக்கு மாற்றிவிட்டார்கள். ரத்தம் சரியான பிறகும் திரும்பப் போடவில்லை.

அவள் கேட்கப் போனபோது நானும் கூட இருந்தேன். உதவி முகாமையாளர், நாங்கள் சின்ன துரை என்று சொல்கிறவர், சிங்களவர்தான், தமிழ் நன்றாகப் பேசுவார். சிரித்துக்கொண்டே சொன்னார்:

"மேல்மலைல தனியா விழுந்து கெடந்தா யார் பாக்குறது? டவுன்ல அஞ்சு கிலோமீட்டர் ஓட்டம் வருதுதானே. அத ஓடி முடிச்சிட்டு வாங்க, மரம் தாறேன்."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். செல்வராணி சிரிக்கவில்லை. வெளியே வந்ததும், "மிஸ், அந்த ஓட்டத்துக்கு எங்க பேர் குடுக்கணும்?" என்று கேட்டாள்.

விசாரித்தேன். பெண்களுக்கு நாற்பது நிமிடம். அதற்குள் வந்தால்தான் முடித்ததாகப் பதிவார்கள். ஆட்களுக்குப் பின்னால் ஒரு வேன் வரும், முடியாதவர்களை ஏற்றிக்கொள்ள.

டாக்டர் ஐயாவிடம் கடிதம் வாங்கப் போனேன். அழுத்தம் பார்த்தார், ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். அப்புறம் என்னைப் பார்த்து, "ஓடுறப்ப பேச முடியணும். பேச்சு வராம மூச்சு வாங்கினா நிப்பாட்டிருங்க. அதுக்கு நீங்கதான் பொறுப்பு" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தை என் மண்டையில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

3. பேச்சும் மூச்சும்

பயிற்சி இப்படித்தான் நடந்தது. புல்லு வெட்டு முடிந்து, வீட்டில் முகம் கழுவிவிட்டு வருவாள். பழைய கென்வஸ் சப்பாத்து. ஃபாக்டரி கேட்டில் வாட்சை அழுத்திவிட்டு, குறுக்குப் படியில் இறங்கி, பாதி வழியில் அவளுக்காகக் காத்திருப்பேன். அவள் என்னைத் தாண்டும்போது, "இன்னைக்கு என்ன சமையல்?" என்று கேட்பேன். நிற்காமல், ஒரே மூச்சில் பதில் சொல்ல வேண்டும்.

முதல் வாரம், "பருப்பு" என்றுகூட முழுதாக வரவில்லை. ஓடுவாள், நடப்பாள், மறுபடி ஓடுவாள். இரண்டாம் மாதம், "பருப்பும் கருவாட்டுத் தீயலும் மிஸ்" என்று சொல்லிக்கொண்டே போனாள். மூன்றாம் மாதம் நடையே இல்லாமல் முழுதும் ஓடி முடித்தாள். நாலாம் மாதக் கடைசியில் முப்பத்தாறு நிமிடம். மூன்று தடவை ஓடவிட்டுப் பார்த்தேன். மூன்றும் முப்பத்தாறுக்கு அரை நிமிடம் முன்னே பின்னே.

நான் ரொம்பத் திருப்தியாக இருந்தேன். நாலு நிமிடம் கையில் மிச்சம் இருக்கிறதே.

"இதே வேகம் போதும். கூட்டவும் வேணாம், கொறைக்கவும் வேணாம். ஞாயித்துக்கிழமை யார் முந்திப் போனாலும் நீ பாக்காத. நம்ம ரோட்டுல ஓடுற மாதிரியே ஓடு."

"சரி மிஸ்."

அவள் சொன்னால் செய்கிறவள். பதினைந்து வருடம் மரத்தில் ஒரே ஆழத்தில் கத்தி பிடித்த கை. காலும் அப்படித்தான், பழக்கிய வேகத்தை விட்டு நகராது. அதை அப்போது பெரிய பலமாக நினைத்தேன்.

4. சொல்லாமல் விட்டது

பெரட்டுக் களத்தில் சுனிலை அனுப்பிவிட்டு, அங்கேயே சிமெந்துக் கட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நாலு புள்ளி இரண்டு கிலோமீட்டருக்கு முப்பத்தாறு நிமிடம் என்றால், ஒரு கிலோமீட்டருக்கு எட்டரை நிமிடத்துக்கும் கொஞ்சம் மேலே. ஐந்துக்கு நாற்பத்து மூன்று நிமிடம் கிட்ட வருகிறது. மூன்று தடவை போட்டேன். எண் மாறவில்லை.

செல்வராணியின் லயம் அங்கிருந்து கூப்பிடு தூரம். வாசலில் அவள் உடுப்பு எடுத்துக்கொண்டிருப்பது தெரிந்தது. போய்ச் சொல்லியிருக்கலாம். இன்னும் இரண்டு முழு நாள் இருந்தது.

போகவில்லை. எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். எங்கள் ரோட்டு ஏற்றமும் கல்லும். போட்டி நடக்கிறது ஆற்றோரத்துத் தார் ரோட்டில், சமதரை. அதே மூச்சில் ஓடினாலும் அங்கே வேகம் தானாகக் கூடும். கிலோமீட்டருக்கு முப்பத்தைந்து விநாடி குறைந்தால் போதும். குறையும்.

அது ஒரு காரணம்தான். மற்றக் காரணத்தையும் எழுதிவிடுகிறேன். சொன்னால் அவள் கூட்டி ஓடுவாள், கூட்டினால் விழுவாள், விழுந்தால் நான் பொறுப்பு என்று பயந்தேன். பெரட்டில் அவள் விழுந்து கிடந்த கோலம் என் கண்ணிலேயே இருந்தது.

வெள்ளிக்கிழமை அவளைப் பார்த்தேன். "நல்லா ரெஸ்ட் எடு" என்றேன். சனிக்கிழமையும் பார்த்தேன். "நம்ம வேகத்த மறக்காத" என்றேன்.

5. ஞாயிற்றுக்கிழமை

ஆறரைக்குத் தொடங்கியது. இருநூறு பேர் இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள், கடைக்காரர்கள், ஆமிக்காரர் மாதிரி உடம்புள்ள பொடியன்கள். விசில் ஊதியதும் எல்லோரும் பாய்ந்தார்கள். செல்வராணி கடைசி ஆட்களோடு, எங்கள் ஃபாக்டரி கேட்டில் கிளம்புகிற மாதிரியே கிளம்பினாள். நான் வாட்சை அழுத்தினேன்.

சுனில் என்னை உள் ரோட்டால் மூன்றாவது கிலோமீட்டர் பலகைக்குக் கொண்டுபோனார். வேகமாக ஓடுகிறவர்கள் போனார்கள். கூட்டம் போனது. கூட்டம் தேய்ந்து ஒருவர் இருவராக வந்தார்கள். வாட்ச் இருபத்து நாலைத் தாண்டியபோது ரோட்டு வெறுமையாக இருந்தது. அப்புறம் வளைவில் அவள் தெரிந்தாள். அவளுக்குப் பின்னால் வேன்.

பலகையைத் தாண்டும்போது இருபத்தைந்து நிமிடம், ஐந்து விநாடி. சமதரை எனக்குக் கொடுத்தது அவ்வளவுதான்; இப்படியே போனால் ஐந்துக்கு நாற்பத்திரண்டு நிமிடம் கிட்ட ஆகும். தார் ரோட்டிலும் அவள் பழக்கிய காலடியைக் கொஞ்சமும் நீட்டவில்லை.

"செல்வராணி, கூட்டு. வேகத்தக் கூட்டு" என்று கத்தினேன். பக்கத்தில் ஒலிபெருக்கியில் பாட்டு. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் வழக்கமான கேள்வியைக் கேட்கிறேன் என்று நினைத்துவிட்டாள்.

"இன்னும் ஒண்ணும் சமைக்கல மிஸ், வீட்டுக்குப் போயித்தான் சோறாக்கணும்" என்றாள்.

ஒரே மூச்சில், ஒரு சொல்லும் உடையாமல். கையை ஆட்டிவிட்டு அதே வேகத்தில் போய்விட்டாள்.

நான் அப்படியே நின்றேன். மூன்று கிலோமீட்டர் ஓடியவள் அடுப்படியில் நின்று பேசுகிற மாதிரிப் பேசுகிறாள். அவளுடைய மூச்சு பாதிகூடச் செலவாகவில்லை. நாலு மாதமாக அந்தப் பதிலைக் கேட்டு, அதில் மயக்கம் வருமா என்று மட்டும்தான் பார்த்திருக்கிறேன். இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

"சுனில், நாலாவது பலகைக்குப் போங்க. சீக்கிரம்."

அங்கே ரோட்டின் நடுவிலேயே போய் நின்றுகொண்டேன். வாட்ச் முப்பத்து மூன்று. அவள் வந்தாள். இந்தத் தடவை கூடவே ஓடினேன், செருப்போடு.

"தூரம் தப்பு செல்வராணி. நம்ம ரோட்டு நாலு கிலோமீட்டர்தான். இப்பிடிப் போனா பத்தாது. உன்னால எவ்வளவு முடியுமோ அவ்வளவு ஓடு."

அவள் முகம் மாறியது. முப்பத்து மூன்று நிமிடம், இருபது விநாடியில் அந்தப் பலகையைத் தாண்டினாள். வேன் சாரதி தலையை நீட்டி, "அக்கே, நகின்ன" என்று ஏறச் சொன்னார். அவள் திரும்பிப் பார்க்காமல் கையால் வேண்டாம் என்றாள்.

அதற்கு முன் அவள் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. மேல்மலையில் மழை இறங்குவதற்குள் பால் வாளியோடு சரிவில் இறங்குகிற பெண்கள் ஓடுகிற ஓட்டம் அது. முன்னால் நடந்துகொண்டிருந்த நாலு பேரைத் தாண்டினாள். நான் த்ரீவீலரில் முடிவிடமான மைதானத்துக்கு வந்து சேர்ந்தபோது வாட்ச் முப்பத்தொன்பது. மைதானத்து வாசலில் அவள் தெரிந்தாள். மைதானத்தைச் சுற்றி வர வேண்டும். நாற்பது ஆனபோது அவள் கடைசி மூலையில் திரும்பிக்கொண்டிருந்தாள்.

நாற்பது நிமிடம், பதினெட்டு விநாடி.

நேரம் பதிகிற மேசையில் இருந்தவர் நோட்டை மூடாமல், பேனையை மட்டும் கீழே வைத்தார். "ஹதலிஹ பென்னா அக்கே" என்றார், வருத்தமாகத்தான். நாற்பது தாண்டிவிட்டது என்று.

6. புல் தரையில்

விழுவாள் என்று ஓடிப்போனேன். விழவில்லை. குனிந்து முழங்காலைப் பிடித்து மூச்சு வாங்கினாள். முதலுதவி மேசையில் இருந்த நர்ஸ் நாடி பிடித்து, அழுத்தம் பார்த்து, சரியாக இருக்கிறது என்று துண்டில் எழுதிக் கொடுத்தார். செல்வராணி புல்லில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். பிறகு கேட்டாள்.

"தூரம் தப்புன்னு எப்ப தெரியும் மிஸ்?"

"வியாழக்கிழமை."

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை."

நான் நர்ஸ் எழுதிய துண்டை மடித்துப் பையில் வைத்தேன்.

"சொல்லியிருந்தா மொதல்லயே கொஞ்சங் கொஞ்சமா கூட்டியிருப்பேனே. எனக்கு வழி முழுக்க கால் சும்மா இருக்குற மாதிரியே இருந்துச்சு. நீங்க சொன்னீங்கன்னு அடக்கிக்கிட்டே வந்தேன்."

"நீ மயங்கிடுவியோன்னு பயந்துட்டேன்."

அவள் போத்தலை மூடினாள்.

"சின்ன துரையும் அதேதானே மிஸ் நெனச்சாரு" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்றுவரை அது எனக்குக் கேட்கிறது.

7. திங்கட்கிழமை

திங்கட்கிழமை பெரட்டு முடிந்ததும் இருவரும் ஆபீசுக்குப் போனோம். நான் முதலில் பேசினேன். பலகையை நம்பியது, தெரிந்த பிறகும் சொல்லாமல் விட்டது, எல்லாவற்றையும் சொன்னேன். நர்ஸ் எழுதிய துண்டையும் டாக்டர் ஐயாவின் கடிதத்தையும் மேசையில் வைத்தேன்.

சின்ன துரை படித்தார். "நாப்பது நிமிசத்துக்குள்ள வரல்லதானே?" என்றார்.

"வரல்ல சேர். கடைசிக் கிலோமீட்டர் ஏழு நிமிசத்துக்குள்ள ஓடினா. அது பிழையில்லாத தூரம்."

அவர் பதில் சொல்வதற்குள் செல்வராணி முன்னால் வந்தாள். சிங்களத்தில் பேசினாள், நிதானமாக, அவர் கண்ணைப் பார்த்து. ஒரு வாரம் என் பழைய மரங்களைத் தாருங்கள், பாலை நிறுத்துப் பாருங்கள், பட்டையைப் பாருங்கள், முடியாவிட்டால் நானே புல்லு வெட்டுக்குப் போகிறேன் என்றாள். ஓட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவர் கொஞ்ச நேரம் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு வாரம்" என்றார்.

அந்த ஒரு வாரம் எனக்குப் போட்டியைவிட மோசமாகப் போனது. தினமும் நிறுவை இடத்துக்குப் போய் நின்றேன். அவள் என்னைக் கவனிக்கவே இல்லை, வாளியை இறக்கிவிட்டுப் போனாள். அடுத்த வாரம் யாரும் அவளைப் புல்லு வெட்டுக்குக் கூப்பிடவில்லை. அப்படியே மேல்மலையில் நின்றுவிட்டாள்.

அதன்பின் தோட்டத்துப் பெண்கள் சிலர் ஓட்டத்துக்குப் பேர் கொடுத்தார்கள், என்னிடம் நேரம் பார்க்கச் சொல்லி வந்தார்கள். புதிதாக ஓடுகிறவருக்கு வேகம் சொல்வது பெரிய வித்தையில்லை. தூரத்தை ஒழுங்காக அளக்க வேண்டும், மூச்சைக் கேட்க வேண்டும். ஆனால் கேட்கும்போது அவருடைய மூச்சைத்தான் கேட்கிறோமா, நம்முடைய பயத்தைக் கேட்கிறோமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நான் அதைப் பார்க்கவில்லை. இப்போதெல்லாம் என் கணக்கில் பிழை தெரிந்தால் அன்றைக்கே வீட்டு வாசலுக்குப் போய்ச் சொல்லிவிடுகிறேன். கூட்டுவதா குறைப்பதா என்று ஓடுகிறவர் முடிவெடுக்கட்டும்.

செல்வராணி அடுத்த வருடமும் ஓடினாள். முப்பத்தேழு நிமிடத்தில் வந்ததாகக் கேள்விப்பட்டேன். எந்த வேகத்தில் ஓடுவது என்று அவள் என்னிடம் கேட்கவில்லை.