சம்பந்தி வீட்டார் முன் ஒரு முள்கரண்டி

சம்பந்தம் முடிவாகும்வரை பெண் வீட்டில் நாங்கள் கை நனைப்பதில்லை. சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதனால் திண்டுக்கல்லில் சினிமா தியேட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் இத்தாலி ஓட்டலில் இரண்டு குடும்பமும் சந்திக்கலாம் என்று என் மகன் ஏற்பாடு செய்தான். பழைய காலத்து ஓட்டல். கட்டம்போட்ட மேசைவிரிப்பு, பகலிலும் மெழுகுவர்த்தி.

சின்னாளப்பட்டியிலிருந்து பெண்ணும் அவள் அப்பா அம்மாவும் வந்திருந்தார்கள். பெண்ணைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. ஆனால் தட்டில் இடியாப்பத்தைக் குழம்பில் பிரட்டியது போல ஒன்று வந்தது. எல்லோரும் முள்கரண்டியை எடுத்தார்கள். நான் அதைத் தொட்டதே இல்லை. கேட்கவும் கூச்சம். கையை மடியிலேயே வைத்திருந்தேன்.

பெண்ணின் அப்பா என் தட்டைப் பார்த்துவிட்டு முள்கரண்டியைக் கீழே வைத்தார். பெண் தலைகுனிந்துகொண்டாள். ஏனென்று எனக்கு உறைக்கவில்லை. அவள் அம்மா என் பக்கம் சாய்ந்து, "மதினி, சாப்பாட்டத் தொடவே இல்லையே, எங்க பிள்ளையப் புடிக்கலேன்னா மனசுல வைக்காமச் சொல்லிருங்க" என்றார்.

பதறிப்போனேன். "அய்யய்யோ, தங்கமான பிள்ளை! எனக்கு இந்த முள்ளுக்கரண்டில சாப்பிடத் தெரியல மதினி."

"நல்லாருக்கு போங்க! நானும் அப்பயிருந்து கிண்டிக்கிட்டுத்தான் இருக்கேன், ஒரு வாய் உள்ள போகல" என்று அவர் கையாலேயே அள்ளினார். நானும் அள்ளினேன். பெண் நிமிர்ந்து சிரித்தாள்.

என் கூச்சம் என்னை மட்டும்தான் வாட்டும் என்று இத்தனை வயதுவரை நினைத்திருந்தேன். அது எதிரே இருந்த ஒரு பெண்ணையும் தலைகுனிய வைத்துவிட்டதே என்பதுதான் இன்னும் மனதை உறுத்துகிறது.