வகுப்பறைத் துலா

எட்டாம் வகுப்பு வரை மட்டும் படித்தவள் எழுதத் துணிந்ததைப் பொறுத்தருள வேண்டும். அந்த எட்டும் எங்கள் வாத்தியாரால் கிடைத்தது. ஐந்தாம் வகுப்பில் அவர் கைவேலைப் பாடம் தொடங்கி, கிணற்றில் தண்ணீர் இறைக்கும் துலாவை மரத்தில் சிறிதாகச் செய்யச் சொன்னார். அதைக் கேள்விப்பட்ட என் ஐயா, படிப்பை நிறுத்த வகுப்புக்கே வந்துவிட்டார்.

“துலாப் போட எங்களுக்குத் தெரியாதோ, வாத்தியார்? பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போறன்.”

அப்போதுதான் என் துலாவைக் கண்டார். பாரமான அடிப்பக்கம் கிணற்றின் மேல் இருந்தது.

“எடியே, உப்பிடி வைச்சால் வாளி கிணத்துக்கையே குடியிருக்கும்!”

வகுப்பே சிரித்தது.

“எனக்கும் உது தெரியேல்லை. நீங்களே திருத்திக் காட்டுங்கோ,” என்று வாத்தியார் மரம் சீவும் கத்தியை நீட்டினார். ஐயா சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு பிள்ளைகள் நடுவே அமர்ந்தார். மணி அடித்தும் எழவில்லை. அந்த வாத்தியாரை இன்றும் நினைத்துக் கும்பிடுகிறேன்.

மறுநாள் கணக்குப் பாடம் நடந்தது. நானும் வகுப்பில் இருந்தேன்.